தூண்கள் நின்றன: பிர்னோவின் டுகென்ட்ஹாட் வீடு

1928 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அந்த நாளில், பெர்லினில் மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞரின் முன்னால் ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்து தங்கள் வீட்டு பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்ஸ் டுகென்ட்ஹாட், கிரேட்டே டுகென்ட்ஹாட். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரத்துக்காரர்கள், இரண்டு வீட்டாரும் ஜவுளி ஆலை நடத்திவந்த யூதக் குடும்பத்தினர். தாளில் முதலில் கண்ணில் பட்டது மிகப் பெரிய ஒரு கூடம், அதற்குள் எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு வளைந்த சுவர், ஒரு நேர்ச்சுவர். அப்புறம் சுமார் 5 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள். இவை என்ன என்று கேட்டார்கள். அவை இரும்புத் தூண்கள், கட்டடம் முழுவதையும் அவைதான் தாங்கப்போகின்றன என்று மீஸ் ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னாராம். பேச்சு நள்ளிரவு தாண்டியும் போனது. 40 வருடம் கழித்து, 1969ல், கிரேட்டே பிர்னோவுக்கு வந்து ஆற்றிய உரையில் இதையெல்லாம் நினைவுகூர்ந்தார்.

அந்தக் கூட்டல் குறிகளை விட்டுவிட்டு இந்த வீட்டைப் பற்றிப் பேச முடியாது. வீட்டின் அழகு, பிற்பாடு அது பட்ட அடி, இன்றைக்கு அது திரும்பி நிற்பது, மூன்றுக்கும் காரணம் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சாதாரணமாக வீடு என்றால் சுவர்தான் பாரம் தாங்கும். மேல்தளத்தின் எடை சுவரில் இறங்கி, அடித்தளத்துக்குப் போய், மண்ணில் சேரும். அதனால்தான் பழைய வீடுகளில் சுவர் தடிமனாக இருக்கும், ஜன்னல் சிறியதாக இருக்கும், ஒரு அறைக்கு நேர் மேலே இன்னொரு அறை வரும், நடுச்சுவரை உடைக்கலாமா என்று கேட்டால் கொத்தனார் தலையை ஆட்டி மறுப்பார். எஃகுச் சட்டகம் போட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. எடை முழுவதும் தூண்களில் இறங்குவதால் சுவருக்குத் தாங்கும் வேலை இல்லை. அதை வளைக்கலாம், பாதியில் நிறுத்தலாம், கூரையைத் தொடாமலும் விடலாம், வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடியாகவே இருக்கலாம். தொழிற்சாலைகளிலும் உயரக் கட்டடங்களிலும் இந்த முறை ஏற்கெனவே இருந்ததுதான், ஆனால் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டை இப்படிக் கட்டுவது அன்றைக்குப் புதிது, தம்பதி திகைத்துப்போனதில் வியப்பில்லை.

தூணின் வடிவமே தனி அழகு. நான்கு எல் வடிவ எஃகுக் கோணங்களை முதுகோடு முதுகு சேர்த்தால் சிலுவை வடிவம் கிடைக்கும். அதன் மேல் முனை மழுங்கிய மெல்லிய உலோக உறை, கூடத்துக்குள் வருகிற தூண்களுக்குப் பளபளக்கும் குரோமியம் பூசிய உறை. சுற்றியிருப்பதையெல்லாம் அந்த உறை பிரதிபலிப்பதால், அத்தனை எடையைத் தாங்குகிற தூண் பார்வைக்கு மறைந்து போகிறது. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒற்றைக் காலும் இதே சிலுவை வடிவம்தான், தரையில் பதித்தது. விருந்தாளிகள் வந்தால் மேசையை வெளிப்புறமாக விரித்து 24 பேர் வரை உட்காரலாம்.

படுக்கையறையிலும் தூண்களை இப்படித் தனியாக நிறுத்த மீஸ் நினைத்தார். அங்கே மோதிக்கொள்வோம் என்று தம்பதி சொன்னதும், மேல்தளத்தில் அவற்றைச் சுவருக்குள் மறைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் தரையிலிருந்து கூரை வரை ஒரே உயரமாக வரும் கதவுகள் கோணிவிடும் என்று ஃபிரிட்ஸ் சொன்னபோது, அப்படியானால் நான் கட்டவே மாட்டேன் என்றாராம். எதில் இறங்கி வரலாம், எதில் கூடாது என்று மீஸுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கதவு குட்டையாக இருந்து மேலே ஒரு துண்டுச் சுவர் வந்தால், அது சுவரில் வெட்டிய ஓட்டையாகிவிடும், சுவர் மறுபடியும் கனமான சுவராகிவிடும். அந்த இடத்தில் அவர் விட்டுக்கொடுக்காமல் இருந்தது சரிதான்.

மனையைக் கொடுத்தவர் கிரேட்டேயின் தந்தை ஆல்ஃபிரெட் லோவ் பேர், திருமணப் பரிசாக. வீட்டுச் செலவும் அவருடையதுதான். கீழே அவருடைய பழைய மாளிகை, அதன் தோட்டம் சரிவாக ஏறிப்போய் முடிகிற மேல் விளிம்பில், செர்னோபோல்னி தெருவை ஒட்டிப் புது வீடு. 1929 கோடையில் வேலை தொடங்கி 1930 டிசம்பரில் குடிபுகுந்தார்கள். எஃகுச் சட்டகம் வைத்த ஒரு வீட்டுக்கு, அதுவும் அத்தனை நுணுக்கமான உள்வேலை உள்ள வீட்டுக்கு, இது மிக வேகம்.

தெருவில் நின்று பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஒரே ஒரு மாடி உயரத்தில் தாழ்ந்த வெள்ளைக் கட்டடம், ஒரு பக்கம் கார் ஷெட், அதோடு ஓட்டுநர் குடியிருக்கும் பகுதி, நடுவே ஒரு திறந்த இடைவெளி. அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் தூரத்தில் பிர்னோவின் ஷ்பில்பெர்க் கோட்டை, சட்டம் போட்ட படம் போலத் தெரியும். வாசற்கதவு கூட உடனே கண்ணில் படாது, பால் வெள்ளைக் கண்ணாடியால் ஆன ஒரு வளைந்த சுவரைச் சுற்றிப் போய்த்தான் நுழைய வேண்டும். நாம் நுழையும் இடம் வீட்டின் உச்சித் தளம், படுக்கையறைகள் இருக்கும் தளம். அங்கிருந்து டிராவர்டைன் கல் பதித்த வளைந்த படிக்கட்டில் கீழே இறங்கினால்தான் பெரிய கூடம். அதற்கும் கீழே இயந்திரங்கள் இருக்கும் தளம். வீட்டுக்குள் போவதென்றால் ஏறித்தான் பழக்கம், இங்கே இறங்கிப் போகிறோம், இறங்கி முடித்ததும் கண் முன்னால் சட்டென்று தோட்டமும் ஊரும் வானமும் விரிகின்றன.

200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இந்தக் கூடத்தில் அறைகள் கிடையாது, இடங்கள்தான் உண்டு. உட்கார்ந்து பேசும் இடம், சாப்பிடும் இடம், படிக்கும் இடம், நூலக மூலை. உட்காரும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் பிரிப்பது மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல்லால் ஆன நேர்ச்சுவர், தேன் நிறம், உள்ளே வெள்ளைக் கோடுகள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும்போது வெளிச்சம் கல்லுக்குள் ஊடுருவிச் செக்கச்செவேலென்று கனியும். சாப்பிடும் இடத்தை அரைவட்டமாக அணைத்திருப்பது மக்காசார் கருங்காலி, பழுப்பிலும் கறுப்பிலும் வரிவரியாக ஓடும் மரம். தரையெல்லாம் வெள்ளை லினோலியம். திரைச்சீலைகளின் துணியும் நிறமும், இருக்கைகளின் தோலும் வெல்வெட்டும் எல்லாம் மீஸோடு வேலை செய்த வடிவமைப்பாளர் லில்லி ரைக் சேர்ந்து முடிவு செய்தவை. மீஸின் பெயரை மட்டும் சொல்லி ரைக்கை விட்டுவிடுகிற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கூடத்தின் மென்மை பெரும்பாலும் துணிகளால் வந்தது, ஒரு மூலையை அறையாக மாற்ற வேண்டுமென்றால் திரையை இழுத்தால் போதும், ஆகவே திரைச்சீலையும் அங்கே சுவருக்குச் சமானம், அதை வடிவமைத்தவரைத் துணை ஆள் என்று சொல்வது நியாயமில்லை.

தோட்டப் பக்கம் முழுவதும் கண்ணாடி. அந்தப் பெரிய கண்ணாடிகளில் இரண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் மின் மோட்டாரின் துணையோடு மெதுவாகத் தரைக்குள் இறங்கிவிடும். கார் ஜன்னல் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவர் அளவுக்கு. கீழ்த்தளத்தில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆழமான பள்ளமும் பொறியும் உண்டு. கண்ணாடி இறங்கியதும் கூடம் திறந்த தாழ்வாரமாகிவிடுகிறது. குளிர்காலத்தில்கூட வெயில் அடித்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, பனி மூடிய நிலத்தைப் பார்த்தபடி வெயிலில் உட்கார்ந்திருக்கலாம் என்று கிரேட்டே சொல்லியிருக்கிறார். அது முடிந்ததற்குக் காரணம் கீழே இருந்த காற்று இயந்திரம். வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, ஈரப்பதம் சேர்த்து, குளிர்காலத்தில் சூடாக்கி, கோடையில் குளிர்வித்து மேலே அனுப்பும். 1930ல், ஒரு தனி வீட்டில்! அதே தளத்தில் துணி துவைக்கும் அறை, ஃபிரிட்ஸ் புகைப்படம் கழுவ ஓர் இருட்டறை, கம்பளி உரோம ஆடைகளைப் பூச்சி அரிக்காமல் வைக்கத் தனியறை எல்லாம் இருந்தன. மேலே அவ்வளவு வெறுமையாக, அமைதியாக இருக்க முடிந்ததற்குக் கீழே அவ்வளவு தேவைப்பட்டது. இந்த வீட்டைப் படத்தில் மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இந்தத் தளத்தைத்தான்.

வீடு முடிந்த மறு வருடமே சண்டை ஆரம்பித்தது. 1931ல் ‘டி ஃபோர்ம்’ என்ற ஜெர்மன் இதழில், இந்த வீட்டில் மனிதர் குடியிருக்க முடியுமா என்று விமரிசகர் யுஸ்டஸ் பியர் கேட்டார். எப்போதும் விழாக்கோலத்தில் இருக்கும் இடத்தில் சாதாரண வாழ்க்கை நடக்குமா, ஒரு படம் மாட்டக்கூட இடம் கிடையாதே, இந்த மரமும் கல்லும் ஆளையே அமுக்கிவிடாதா என்பது அவர் சந்தேகம். அந்தக் காலத்து வேலையில்லாத் திண்டாட்டத்தையும் வீட்டு வசதிப் பஞ்சத்தையும் நினைத்தால் இத்தனை செலவைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் நியாயம்தான், மற்ற சிலர் அதையும் கேட்டார்கள். ஆனால் இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்தது, குடியிருப்பவர்களே அதே இதழில் பதில் எழுதினார்கள் என்பது. கிரேட்டே சொன்னதன் சாரம் இது: இந்த வெளி எங்களை அடக்கவில்லை, விடுதலை தருகிறது, இந்த அறையில் வைக்கும் ஒவ்வொரு பூவும் வேறு வெளிச்சத்தில் தெரிவது போல மனிதரும் தமக்கும் பிறருக்கும் இன்னும் தெளிவாகத் தெரிகிறார்கள். படம் மாட்ட முடியாதது உண்மைதான் என்று ஃபிரிட்ஸும் ஒப்புக்கொண்டு, கல்லின் வரியும் மரத்தின் வரியும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன என்றார். தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே விரும்பி வாழ்ந்த வீட்டைப் பற்றிய அந்தச் சொற்களை நான் நம்புகிறேன்.

அவர்கள் அங்கே வாழ்ந்தது 8 வருடத்துக்கும் குறைவு.

நாஜி ஆபத்து நெருங்கியதும், 1938ல் குடும்பம் கிளம்பிவிட்டது. முதலில் சுவிட்சர்லாந்து, பிறகு 1941ல் வெனிசுவேலா. கிளம்பியதால் பிழைத்தார்கள். 1939ல் வீட்டை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ பறிமுதல் செய்தது. இங்கேதான் அந்தக் கூட்டல் குறிகளுக்கு நான் திரும்பி வருகிறேன். சுவர் தாங்கும் வீட்டில் சுவரை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது, வீடு இடிந்துவிடும். இந்த வீட்டில் விலைமதிப்புள்ள எல்லாமே தாங்காத பொருள்கள், ஆகவே எல்லாமே கழற்றக்கூடியவை. கருங்காலி அரைவட்டத்தைப் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டு போனார்கள், வீட்டுக்கு ஒரு விரிசல்கூட விழவில்லை. மரச்சாமான்கள் போயின. போர்க்கால விமானத் தாக்குதலில் பெரிய கண்ணாடிகள் சிதறின. 1945ல் நகருக்குள் வந்த சோவியத் படையினர் கூடத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். ஓனிக்ஸ் சுவர் மட்டும் இடத்தை விட்டு அசையாமல் இருந்தது. சுற்றிலும் தூண்கள் நின்றன.

போருக்குப் பிறகு சில வருடம் அது நடனப் பள்ளி. 1950ல் அரசின் பெயருக்கு மாறியது, குடும்பத்துக்குத் திரும்பவில்லை. பிறகு நெடுங்காலம் பக்கத்து மருத்துவமனையைச் சேர்ந்த மறுவாழ்வு மையம், முதுகெலும்புக் குறைபாடுள்ள குழந்தைகள் அந்தப் பெரிய கூடத்தில் உடற்பயிற்சி செய்தார்கள். கட்டடக் கலை பற்றி எழுதுகிற பலர் இந்தக் காலத்தை வீட்டின் சீரழிவுக் காலமாக மட்டும் பார்க்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. வெளிச்சம் நிறைந்த, நடுவில் எதுவும் தடுக்காத, தோட்டத்தைப் பார்த்த அந்தக் கூடத்தைவிட நல்ல பயிற்சிக்கூடம் அந்தக் குழந்தைகளுக்கு எங்கே கிடைத்திருக்கும்? ஒரு பணக்காரக் குடும்பத்துக்காகத் திறந்து வைத்த வெளி, எந்த மாற்றமும் இல்லாமல் நோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

குழந்தைகள் அங்கே இருந்தபோதே, 1963 டிசம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்தின் கீழ் வீடு பண்பாட்டு நினைவுச்சின்னமாகப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது கட்டி முடித்து 33 வருடம்தான் ஆகியிருந்தது, மீஸ் சிகாகோவில் உயிரோடு இருந்தார். 1930ல் கட்டிய ஒரு தட்டைக்கூரை வீட்டைக் கோட்டை, தேவாலயம், அரண்மனை வரிசையில் சேர்ப்பது எளிதாக நடக்கிற காரியமில்லை. பிர்னோவின் கட்டடக் கலைஞர் ஃபிரான்டிஷெக் கலிவோடா அந்த வருடங்களில் இந்த வீட்டுக்காக ஓயாமல் வேலை செய்தார், கிரேட்டேயை மறுபடி பிர்னோவுக்கு வரவைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. கிரேட்டே 1969 ஜனவரியில் பேசினார், அதே வருடம் ஆகஸ்ட்டில் மீஸ் இறந்தார், அடுத்த வருடம் கிரேட்டே ஒரு கார் விபத்தில் இறந்தார். அந்த உரை இல்லாவிட்டால் புத்தாண்டு இரவும் கூட்டல் குறிகளும் நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, பட்டியலில் சேர்ந்தால் என்ன நடக்கிறது? நினைவுச்சின்னப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது, சொந்தக்காரர் பராமரிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட வீட்டில் சட்டம் எதைக் காப்பாற்றுகிறது என்ற கேள்வி வருகிறது. பழைய கோவிலையோ கோட்டையையோ காப்பதென்றால் நிற்கும் கல்லைக் காக்க வேண்டும். இங்கே நின்றுகொண்டிருந்தது எலும்புக்கூடு. வீட்டை வீடாக்கிய வளைந்த சுவரும் கண்ணாடியும் திரையும் நாற்காலியும் ஊர் ஊராகப் போய்விட்டன. இருப்பதை மட்டும் காத்தால் வெறும் கூடம் மிஞ்சும், இல்லாததைப் புதிதாகச் செய்து வைத்தால் அது பழைய வீடா என்று கேட்பார்கள். மீஸ் இதே யோசனைகளை 1929ல் பார்சிலோனாக் கண்காட்சியில் ஒரு கூடமாகக் கட்டியிருந்தார், அங்கேயும் ஓனிக்ஸ் சுவர், அங்கேயும் குரோமியம் பூசிய சிலுவைத் தூண். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது 1980களில் மறுபடி கட்டியது. பிர்னோவில் நிற்பது உண்மையான தூண், உண்மையான ஓனிக்ஸ், அதனால்தான் இங்கே புதுப்பிப்பவர்கள் கைவைக்கும் ஒவ்வொரு இடத்திலும் பயந்து கைவைக்க வேண்டியிருக்கிறது.

வீடு 1980ல் நகராட்சி வசம் வந்து, 1981 முதல் 1985 வரை முதல் பெரிய புதுப்பித்தல் நடந்தது. கட்டடம் அழியாமல் காத்தது அந்த வேலைதான், ஆனால் அன்றைய பொருள் தட்டுப்பாட்டில், அன்றைய புரிதலில் செய்தது, பல இடங்களில் மூலப் பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பிறகு 1992 ஆகஸ்ட் 26 அன்று செக் பிரதமர் வாட்ஸ்லாவ் கிளாவுஸும் ஸ்லோவாக் பிரதமர் விளாடிமீர் மெச்சியாரும் இந்த வீட்டில்தான் சந்தித்து, நாட்டை இரண்டாகப் பிரிக்கும் முடிவுக்கு வந்தார்கள். 1994ல் அருங்காட்சியகமாகத் திறந்தது, 1995ல் தேசியப் பண்பாட்டு நினைவுச்சின்னம் என்ற மேல்நிலைத் தகுதி, 2001ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்.

குடும்பத்தின் விஷயம் இத்தனை சுலபமாக முடியவில்லை. ஓனிக்ஸ் சுவரின் முன்னால் ஜெர்மன் சிற்பி வில்ஹெல்ம் லெம்புருக் செய்த ஒரு பெண் சிற்பம் இருந்தது. போரில் கைமாறிப் பிர்னோவின் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்த அது, 2006ல் வாரிசுகளிடம் திரும்பி, அடுத்த வருடம் லண்டனில் ஏலம் போனது. இப்போது கூடத்தில் இருப்பது பிரதி. 2007ல் வீட்டையும் திரும்பக் கேட்டார்கள். வீடு நகராட்சியிடமே நின்றுவிட்டது. நினைவுச்சின்னச் சட்டம் கட்டடத்துக்குக் காவல், பறிகொடுத்தவர்களுக்கு அது எதையும் திருப்பித் தருவதில்லை. வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

2010 முதல் 2012 வரை நடந்த இரண்டாம் புதுப்பித்தல் வேறு ரகம். முன்கூட்டியே பழங்கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்கள் பூச்சுகளைச் சுரண்டி அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார்கள். சர்வதேச வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஈவோ ஹாமர், தம்பதியின் மகளும் கலை வரலாற்று ஆய்வாளருமான டானியேலாவின் கணவர். நவீன வீடு என்றால் பளீர் வெள்ளை என்பது கறுப்பு வெள்ளைப் படங்கள் நமக்குத் தந்த எண்ணம். உண்மையில் வெளிச்சுவர் சுண்ணாம்புப் பூச்சு, அதில் உள்ளூர் மணல் கலந்ததால் லேசான மஞ்சள் சாயல். டிராவர்டைன் கல்லோடு ஒத்துப்போகும் நிறம். பிற்காலத்தில் அதன் மேல் ஏறிய செயற்கைப் பெயின்ட் அந்த உறவைக் கெடுத்திருந்தது. மூலப் பூச்சைச் செதுக்கி எறியாமல், அதன் மேலேயே மறுபடி சுண்ணாம்பு வகையில் பூசினார்கள். சொல்லும்போது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் 80 வருடத்துக்கு முன்னால் கொத்தனாரின் கை பட்ட பூச்சு இன்னும் உள்ளே இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

கருங்காலி அரைவட்டத்தின் கதை இன்னும் ஆச்சரியமானது. 70 வருடமாக அது அழிந்ததாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2011ல் மிரோஸ்லாவ் அம்புரோஸ் என்ற கலை வரலாற்று ஆய்வாளர் பிர்னோ மசாரிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலத்துக் கேன்டீனில் சுவரில் பதித்திருந்த வரிவரியான பலகைகளை அடையாளம் கண்டார். போர்க்காலத்தில் அந்தக் கட்டடம் கெஸ்டபோ தலைமையகம். கழற்றிய பலகைகளை அங்கே கொண்டுபோய்ப் பதித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறைச் சட்ட மாணவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக அப்போது புதுப்பிக்கும் வேலை முடிந்திருக்கவில்லை. பலகைகளைக் கழற்றி எடுத்துவந்து, குறைந்த இடங்களில் புதிய கருங்காலி சேர்த்து, பழைய வளைவில் மறுபடி நிறுத்தினார்கள்.

2012 மார்ச்சில் வீடு மக்களுக்குத் திறந்தது. கண்ணாடிகள் மறுபடி தரைக்குள் இறங்குகின்றன.